சாளரக் கணவாய்



இலக்கிய மேடையில் மிதிவண்டிப் பந்தயத்திற்கு என்ன வேலை என்று அவையில் சிலருக்குத் தோன்றலாம். ஏறுதழுவலை அதன் தூசியோடும் குருதியோடும் பாடிய முல்லைக்கலியைப் போற்றும் மரபினர்க்கு இந்த ஐயம் நெடுநேரம் நிற்காது. உடல் தன் எல்லையைத் தொடும் இடத்தில் மனிதனின் உள்ளம் வெளிப்படுகிறது. அதைக் கூர்ந்து நோக்குவது புலவர் தொழில். இத்தாலி நாட்டின் ஒரு மலைச்சாலையில் 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருவர் வீழ்ந்ததும், ஏழாண்டுகள் கழித்து அதே மே மாதத்தில் அதே சாலைக்கு அவர் மீண்டு வந்ததும் அவ்வாறு நோக்கத்தக்கவை.

அந்த மலைவழியின் பெயர் கொல்லே தெல்லே ஃபினெஸ்ட்ரே. 'ஃபினெஸ்ட்ரா' என்பது இத்தாலிய மொழியில் சாளரத்தைக் குறிக்கும். ஆகவே 'சாளரக் கணவாய்' என்று தமிழில் வழங்கலாம். வடமேற்கு இத்தாலியில் பீட்மாண்ட் பகுதியில், சூசா பள்ளத்தாக்கையும் கிசோனே பள்ளத்தாக்கையும் இது இணைக்கிறது. உச்சியின் உயரம் 2,178 மீட்டர். அப்பால் கிசோனே பள்ளத்தாக்கில் ஃபெனெஸ்ட்ரெல்லே என்னும் பெருங்கோட்டை மலைச்சரிவில் படிப்படியாக ஏறிக் கிடக்கிறது. 1728இல் தொடங்கிய அதன் கட்டுமானம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்றது. கோட்டையின் உள்ளே, கூரையிட்ட ஒரே படிக்கட்டில் ஏறத்தாழ நாலாயிரம் படிகள் உண்டு என்பர். கணவாய்ச் சாலையும் இக்கோட்டைக்குப் படையும் பண்டமும் செல்லும் பொருட்டு ஏற்பட்ட பழைய படைவழியே. வணிகர்க்காகவோ சுற்றுலாப் பயணிகளுக்காகவோ அமைந்த சாலை அன்று என்பதை அதன் செங்குத்தே சொல்லிவிடும்.

சூசா நகர்ப் புறத்திலிருந்து உச்சிவரை ஏற்றத்தின் நீளம் 18 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சராசரிச் சரிவு நூற்றுக்கு ஒன்பதுக்கும் மேல். அதாவது நூறு மீட்டர் முன்சென்றால் ஒன்பது மீட்டருக்கு மேல் உயர வேண்டும். பல மலைச்சாலைகளில் இடையிடையே சமதளம் வரும், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இங்கு அந்தச் சலுகை மிகக் குறைவு. கீழ்ப்பகுதியில் தார்ச்சாலை காட்டுக்குள் கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து ஏறுகிறது. உச்சிக்கு ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது தார் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் இறுகிய மண்ணும் பொடிக்கற்களுமே சாலை. மரங்களும் மெல்ல நின்றுபோக, புல்வெளியும் பாறையும் வானமுமே எஞ்சுகின்றன.

கரடுமுரடான பரப்பு மிதிவண்டி ஓட்டுநரை என்ன செய்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இதனை அறியாதார்க்குப் பின்வரும் கதை விளங்காது.

முதலில் சரிவை எடுத்துக்கொள்ளலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர், வண்டி, உடை, தண்ணீர்க் குப்பி எல்லாம் சேர்ந்து 68 கிலோ என்று கொள்வோம். பன்னாட்டு விதிப்படி பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையலாகாது. இந்த 68 கிலோவை ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்திற்கு ஒரு மணி நேரத்தில் தூக்கிச் செல்ல வேண்டுமானால், எடையை உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 315 வாட் திறன் தேவை. ஐந்து அறுபது வாட் குண்டு பல்புகளை ஒரு மனிதன் தன் இரு கால்களால் ஒரு மணி நேரம் அணையாமல் எரிப்பதற்கு ஒப்பாகும் இது. காற்றையும் தரையின் உராய்வையும் வெல்ல வேண்டிய ஆற்றல் இதற்கு மேற்பட்டது. அந்த ஒரு மணிக்கு முன்னே நான்கைந்து மணி நேரம் வண்டி மிதித்தாயிற்று என்பதையும், அதற்கு முன்னே ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஓடியாயிற்று என்பதையும் மறக்கலாகாது.

அடுத்தது தரை. தார்ச்சாலையில் களைத்த ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதிப்பார். உடலின் எடையே மிதியை அழுத்தும், தசைகள் சிறிது மாறி இளைப்பாறும். சரளையில் இந்த ஆறுதல் இல்லை. எழுந்து நின்றால் எடை முன்னே சாய்ந்து, பின்சக்கரத்தின் பிடி தளர்கிறது. சக்கரம் ஓரிடத்திலேயே சுழன்று பொடிக்கல்லைப் பின்னே வீசுகிறது, வண்டி முன்னேறுவதில்லை. ஆகவே உட்கார்ந்தே மிதிக்க வேண்டும். அதுவும் ஒரே சீராக, இழுத்து இழுத்து அன்று, உருட்டி உருட்டி மிதிக்க வேண்டும். சினந்து பாய்பவனை அச்சாலை தண்டிக்கிறது. டயரில் காற்றை மிக இறுக்கி அடைத்தால் ஒவ்வொரு கல்லும் வண்டியைத் தூக்கி எறிந்து ஆற்றலை வீணாக்கும். மிகத் தளர்த்தினால் கூர்ங்கல் உட்புகும். முன்பெல்லாம் 23 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒல்லி டயர்களையே பந்தயக்காரர் நம்பினர். இப்போது 28 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றைப் பூட்டுகின்றனர். அகன்ற டயர் மெதுவாக ஓடும் என்ற பழைய நம்பிக்கை பொய்த்துவிட்டது.

வாகனச் சக்கரங்கள் அழுத்திய இரண்டு தடங்கள் மட்டும் கொஞ்சம் இறுகிக் கிடக்கும். நடுவில் உதிரிக்கல். நன்றாகத் தடம் பார்த்து ஓட்டுபவர்க்கு ஓரடி அகலமே சாலை. முந்த விரும்புபவர் உதிரிக்கல்லில் இறங்கித்தான் முந்த வேண்டும்.

மூன்றாவது செய்தி காற்று. சமவெளியில் ஒருவர் பின் ஒருவராக ஓடும்போது பின்னே வருபவர்க்கு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது. முன்னவர் காற்றை உடைத்துத் தருகிறார். ஆகவேதான் இப்பந்தயத்தில் அணிகள் உள்ளன, தலைவர் உளர், தலைவர்க்காகத் தேய்ந்துபோகும் துணைவரும் உளர். ஆனால் ஒன்பது விழுக்காட்டுச் சரிவில் வேகம் மணிக்கு இருபது கிலோமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. அங்கே காற்றைவிட எடையே பகை. ஒருவர் முதுகுக்குப் பின் இன்னொருவர் ஒளிந்துகொள்ள முடியாது. பத்து நல்ல துணைவர்கள் இருந்தும் அங்கே தலைவர் தனியரே. உச்சி கடந்து பள்ளத்தாக்கிற்கு இறங்கியதும் நிலைமை மீண்டும் தலைகீழாகிறது. அங்கே துணையில்லாதவர் காற்றில் கரைந்துபோவார். இந்த மாற்றத்தை நினைவில் இருத்தவேண்டும்.

கரட்டுச் சாலை ஏறுவது புதுமை அன்று என்பதையும் சொல்லிவிடலாம். 1910இல் பிரான்சு நாட்டுப் பந்தயம் முதன்முறையாகப் பிரனீசு மலைகளின் பெருங்கணவாய்களுக்குச் சென்றபோது சாலை என்று சொல்லத்தக்கது அங்கே இல்லை. ஒற்றைப் பல்சக்கரத்தோடு, வண்டியைத் தள்ளிக்கொண்டும் மிதித்துக்கொண்டும் ஏறிய ஒக்தாவ் லபீசு, வழியில் நின்ற அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கூவினார். அவ்வாண்டு வெற்றியும் அவருடையதே. ஏழாண்டுகளில் முதல் உலகப்போரில் விமானியாக மாண்டார். 1913இல் யூசேன் கிறிஸ்தோஃப் என்பவருடைய வண்டியின் முன்கவை தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது முறிந்தது. வண்டியைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் கொல்லன் உலையில் தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி ஒட்டினார். பிறர் உதவி கூடாது என்பது அக்கால விதி. அதிகாரிகள் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். துருத்தியை ஊதுவதற்கு ஒரு சிறுவனின் கை உதவிற்று என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரமும் விதித்தனர். துருத்தி ஊதிய சிறுவனின் பெயரைக் கேட்க இன்றும் ஆவலாகத்தான் இருக்கிறது.

இத்தாலிப் பெரும்பந்தயம், அந்நாட்டார் வழக்கில் 'ஜீரோ', 1909இல் தொடங்கியது. நடத்தியது ஒரு நாளிதழ். அவ்விதழ் இளஞ்சிவப்புத் தாளில் அச்சாவதால் 1931 முதல் முன்னணியில் இருப்பவர் இளஞ்சிவப்புச் சட்டை அணிகிறார். மூன்று வாரங்களில் நாள்தோறும் ஓடிய நேரத்தையெல்லாம் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவருக்கே அச்சட்டை. ஆகவே ஒருநாள் முதலாக வந்தவர் முன்னணியில் இருக்கவேண்டும் என்பதில்லை.

சாளரக் கணவாய் இப்பந்தயத்தில் சேர்க்கப்பட்டது 2005இல்தான். அன்றைக்கே அது தன் குணத்தைக் காட்டிவிட்டது. முன்னணியில் இருந்த பாவ்லோ சவோல்டெல்லியைச் சரளையில் பின்னே விட்டுச் சிமோனி, டி லூக்கா, வெனிசுவேலா நாட்டு ருஹானோ ஆகிய மூவரும் சென்றனர். இறக்கத்தில் வல்லவரான சவோல்டெல்லி இழந்ததில் ஒரு பகுதியை மீட்டு, முடிவில் வெறும் 28 நொடியில் சட்டையைக் காத்துக்கொண்டார். 2011இல் பெலருசு நாட்டுக் கிரியென்கா. 2015இல் முன்னணியில் இருந்த கொண்டாடோர் துணைவரின்றித் தடுமாறி இரண்டு நிமிடத்திற்கு மேல் இழந்தும் சட்டையை இழக்கவில்லை. இப்பெயர்களுள் சில பின்னாளில் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுகளால் கறைபட்டவை என்பதை மறைக்க வேண்டுவதில்லை. டி லூக்காவுக்கு 2013இல் வாழ்நாள் தடையே விதிக்கப்பட்டது.

இனி 2018. அவ்வாண்டு சைமன் யேட்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர்க்கு வயது 25. பதின்மூன்று நாள்கள் இளஞ்சிவப்புச் சட்டையை அணிந்திருந்தார். மூன்று நாள்களில் முதலாக வந்தார். வாய்ப்புக் கிடைத்த இடமெல்லாம் பாய்ந்தார். முன்னணியில் இருப்பவர் காத்துக்கொள்வதே வழக்கம். அவரோ நாள்தோறும் தாக்கினார். தனித்தோடும் போட்டியில் தாம் வலியர் அல்லர் என்பதை அறிந்து, அதற்கு முன்பே நொடிகளைச் சேமிக்க முயன்றார் என்று அதற்கு விளக்கம் சொல்லலாம். எனினும் சேமித்தவர் தம் உடலைச் செலவிட்டுச் சேமித்தார். பதினெட்டாம் நாள் மலை முடிவில் முதல் விரிசல் தென்பட்டது. டச்சுக்காரர் டாம் டூமூலினிடம் 28 நொடி இழந்தார். மறுநாள் மே 25, சாளரக் கணவாய்.

சரளைப் பகுதி வருமுன்பே, தார்ச்சாலையிலேயே யேட்ஸ் பின்தங்கினார். தாக்குதல் ஏதும் நிகழ்ந்து அவர் தோற்கவில்லை. எல்லாரும் போன வேகத்தில் அவரால் போக முடியவில்லை, அவ்வளவுதான். இளஞ்சிவப்புச் சட்டை கூட்டத்தின் வாலில் தெரிந்தது. பிறகு கூட்டத்திற்குப் பின்னால் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. அன்று முடிவில் அவர் 38 நிமிடத்திற்கு மேல் பின்தங்கியிருந்தார்.

முன்னே நடந்தது வேறு. அன்று காலை நான்காம் இடத்தில், மூன்று நிமிடத்திற்கு மேல் பின்னே இருந்த கிறிஸ் ஃப்ரூம், முடிவுக்கு 80 கிலோமீட்டர் இருக்கையில் சரளைச் சாலையில் தனியே பாய்ந்தார். வழிநெடுக அவருடைய அணியார் உணவும் நீரும் ஏந்தி நின்றனர். பின்தொடர்ந்தவர்களுள் டூமூலின், இறக்கத்தில் துணைக்கு ஆள் வரட்டும் எனத் தாமதித்தார். உடனிருந்த ஈக்குவடோர் நாட்டு ரிச்சர்ட் கரபாசும் கொலம்பிய நாட்டு லோபசும் இளையோர் பரிசுக்காகத் தமக்குள் போட்டியிட்டுக்கொண்டிருந்தனர். முன்னே ஒருவர் தனியராகவும் பின்னே பலர் கூட்டமாகவும் ஓடினால், பள்ளத்தாக்கில் கூட்டமே வெல்லவேண்டும். ஆனால் கூட்டம் கூட்டாக இல்லை. ஃப்ரூம் மூன்று நிமிட வேறுபாட்டில் வென்று 40 நொடி முன்னணியோடு சட்டையைப் பெற்றார். அவர்மீது அப்போது ஒரு மருந்துச் சோதனை வழக்கு நிலுவையில் இருந்தது. அது 2018 ஜூலையில் அவருக்குச் சாதகமாக முடிக்கப்பட்டது. அந்நாளின் ஓட்டத்தைப் போற்றியவரும் ஐயுற்றவரும் உண்டு.

கரபாஸ் அன்று இரண்டாவதாக வந்தார். இப்பெயரையும் அந்தத் தயக்கத்தையும் மனத்தில் வைக்கலாம்.

யேட்ஸ் அவ்வாண்டே ஸ்பெயின் நாட்டுப் பெரும்பந்தயத்தை வென்றார் என்பது வியப்பு. வீழ்ந்த பின் மூன்று மாதத்தில் தொடங்கிய பந்தயத்தில், கற்ற பாடத்தைக் கைக்கொண்டு ஆற்றலை அளந்து செலவிட்டார். ஆயினும் இத்தாலிச் சட்டை அவருக்கு எட்டவில்லை. பின்னும் பலமுறை முயன்றார். 2021இல் மூன்றாம் இடம். வேறோர் ஆண்டில் காயத்தால் இடையிலேயே விலகினார். 2025இல் டச்சு அணியொன்றுக்கு மாறி மீண்டும் வந்தார். வயது 32. அவ்வாண்டின் வழித்தடம் வெளியானபோது, கடைசிக்கு முந்திய நாளில் சாளரக் கணவாய் இருந்தது. தடம் வெளியான நாளிலிருந்தே அவ்வேற்றத்தை நெஞ்சில் வைத்திருந்ததாகப் பின்னர் அவரே சொன்னார்.

அப்பந்தயத்தில் அவர் எதையும் செய்யாதவர் போலவே இருந்தார். ஒருநாளும் முதலாக வரவில்லை. முன்னணியில் 21 வயது மெக்சிக்கோ இளைஞர் இசாக் டெல் டோரோ இருந்தார். சீயனா நகரில் முடிந்த ஒன்பதாம் நாளில், அதுவும் ஒரு சரளைச் சாலை நாளே, சட்டையைப் பெற்றவர். அன்று அவரை முந்தி முதலாக வந்தவர் யேட்சின் அணியைச் சேர்ந்த பெல்ஜிய வீரர் வௌட் வான் ஆர்ட். இரண்டாம் இடத்தில் கரபாஸ், 43 நொடி பின்னே. யேட்ஸ் மூன்றாம் இடத்தில், 1 நிமிடம் 21 நொடி பின்னே.

மே 31. வெர்ரேசு நகரிலிருந்து செஸ்திரியேர் வரை 205 கிலோமீட்டர். காலையில் ஒரு கூட்டம் முன்னே சென்றது. அதில் வான் ஆர்ட்டும் சென்றார். அவர் பெரிய உடலினர், மலையேற்றம் அவர் துறை அன்று. அவர் அக்கூட்டத்தில் போனதன் பொருள் மாலையில்தான் விளங்கிற்று.

ஏற்றத்தின் அடியிலேயே கரபாசின் அணி வேகத்தைக் கூட்டியது. கரபாஸ் பாய்ந்தார், டெல் டோரோ ஒட்டிக்கொண்டார். யேட்ஸ் உடனே பாயவில்லை. தம் சீரில் மிதித்து வந்து சேர்ந்தார். 2018இன் யேட்ஸ் அப்படிச் செய்திருக்க மாட்டார். சேர்ந்த பின் ஒருமுறை முன்னே போனார், பிடித்தனர். மறுபடி போனார், பிடித்தனர். மீண்டும் போனார். இம்முறை அவ்விருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

அந்தப் பார்வைதான் இப்பேச்சின் நடுப்பொருள். டெல் டோரோவுக்குக் கரபாஸே பகைவர். மூன்று வாரமும் அவரையே நிழல்போலத் தொடர்ந்தார். யேட்சை விரட்டித் தம்மைத் தேய்த்துக்கொண்டால், முதுகில் வரும் கரபாஸ் பிறகு பாய்ந்து சட்டையைக் கவர்வார் என்பது அவர் கணக்கு. கரபாசோ, சட்டை அணிந்தவர் அதைக் காக்கட்டும், என் வேலையா அது என்று எண்ணினார். இரு கணக்கும் சரியே. தனித்தனியே பார்த்தால் இருவர் மேலும் குற்றம் சொல்ல முடியாது. சரியான இரண்டு கணக்குகள் சேர்ந்து ஒரு பிழையான விடையைத் தந்தன. ஏழாண்டுக்கு முன் அதே சாலையில் ஃப்ரூமுக்குப் பின்னே இப்படித் தயங்கிய கூட்டத்தில் இருந்த கரபாஸ் இதை அறியாதவரா? அறிந்தவரே. அறிந்தும் அவரால் வேறு செய்ய முடியவில்லை என்பதே இதன் துயரம். தாயாதிகள் வேலிக்கு வழக்காடும்போது வெள்ளம் வயலைக் கொண்டுபோன கதைகளை நம் ஊர்ப்புறங்களில் கேட்டவர்க்கு இது புதிதன்று.

சரளையில் யேட்ஸ் தனியே ஏறினார். உட்கார்ந்தே மிதித்தார். பத்து நொடி இருபதாயிற்று, இருபது நாற்பதாயிற்று. கொண்டை ஊசி வளைவுகளில் மேலிருந்து கீழே பார்த்தால் பின்னவர் தெரிவர், கீழிருந்து மேலே பார்த்தால் முன்னவர் தெரிவார். ஒருவரை ஒருவர் கண்டுகொண்டே விலகிப்போகும் கொடுமை மலைச்சாலைக்கே உரியது. உச்சியில் இடைவெளி ஒன்றரை நிமிடத்தைத் தாண்டிவிட்டது. சட்டை இன்னும் டெல் டோரோவின் தோளில் இருந்தது. கணக்கில் அது கைமாறிவிட்டது.

எனினும் முன்னே பள்ளத்தாக்கு இருந்தது. செஸ்திரியேருக்கு இன்னும் ஓர் ஏற்றமும் இருந்தது. தனித்தவரைக் காற்று கரைக்கும் இடம் அதுவே. அங்கேதான் வான் ஆர்ட் காத்திருந்தார். காலைக் கூட்டத்தில் வந்தவர், தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய எதையும் நாடாமல் வேகத்தைக் குறைத்து யேட்சை வரவிட்டு, முன்னே சென்று காற்றை உடைத்தார். இழுக்கத்தக்க தொலைவுவரை இழுத்து, தம் கால் தளர்ந்தபின் ஒதுங்கிக்கொண்டார். பின்னே இருந்த இருவரும் யார் முன்னே போவது என்ற வழக்கைத் தீர்க்கவில்லை. இடைவெளி நிமிடம் நிமிடமாகப் பெருகியது. கிறிஸ்தோஃப்புக்குத் துருத்தி ஊதிய சிறுவனின் உதவி குற்றமாயிற்று. வான் ஆர்ட்டின் உதவியோ விதிக்கு உட்பட்டது மட்டுமன்று, இப்பந்தயத்தின் உயிரே அதுதான். விதிகள் மாறிய இந்த நூற்றாண்டில் விளையாட்டு இழந்ததைவிடப் பெற்றதே மிகுதி என்று துணிந்து கூறலாம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்களையும் நந்நான்காகச் சுட்டினார். இளிவரல் பிறக்கும் இடங்களுள் வருத்தமும் ஒன்று என்றார். உடல் சோர்ந்து தன்னால் ஆகாமற் போகும் நிலை அது. 2018இல் கூட்டத்தின் பின்னே நழுவிய யேட்சைக் கண்டவர் உணர்ந்தது அதையே. பெருமிதத்திற்கு உரிய இடங்களுள் தறுகண்மையை வைத்தவர், அதன் பக்கத்திலேயே கொடையையும் வைத்தார். வீரமும் ஈகையும் ஒரே மெய்ப்பாட்டின் இரு ஊற்றுகள் என்பது மாணவர்க்குப் பாடம் சொல்லும்போது எளிதில் விளங்காத செய்தி. செஸ்திரியேர்ச் சாலையில் வான் ஆர்ட்டின் முதுகைப் பார்த்தவர்க்கு அது உரையின்றியே விளங்கும். யேட்சின் வெற்றியைப் பாடவரும் புலவர் எவரேனும் இருப்பின், அந்த முதுகை விட்டுவிட்டுப் பாடினால் அது குறைப்பாட்டே ஆகும்.

அன்றைய நாளை வென்றவர் ஆஸ்திரேலியாவின் கிறிஸ் ஹார்ப்பர். காலைக் கூட்டத்திலிருந்து தனித்துச் சென்று முதலாக வந்தார். அவர் பெயரைப் பலர் மறந்துவிட்டனர் என்பது பந்தயத்தின் அநீதிகளுள் ஒன்று. யேட்ஸ் மூன்றாவதாக வந்தார். வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். 1 நிமிடம் 21 நொடிதான் தேவை. ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு போயிற்று, சாலை வெறுமையாகவே இருந்தது. ஐந்து நிமிடமும் 13 நொடியும் கழித்தே டெல் டோரோவும் கரபாசும் வந்தனர். இருவரும் சேர்ந்தே வந்தனர். அந்த அளவுக்கு இறுதிவரை ஒருவரை ஒருவர் காவல் காத்தனர். யேட்ஸ் அழுதார். உணர்ச்சியை வெளிக்காட்டும் இயல்பினர் அல்லர் அவர் என்று உடனிருந்தோர் கூறுவர்.

மறுநாள், ஜூன் 1, ரோமாபுரியில் பந்தயம் நிறைவுற்றபோது அவர் 3 நிமிடம் 56 நொடி முன்னணியில் இருந்தார். டெல் டோரோ இரண்டாம் இடம், கரபாஸ் மூன்றாம் இடம். பதினொரு நாள் அணிந்திருந்த சட்டையைக் கழற்றிய டெல் டோரோவுக்கு இளையோர்க்குரிய வெள்ளைச் சட்டை கிடைத்தது. சாளரக் கணவாயின் கீழ்ச்சரிவில் கூட்டம் யேட்சைவிட்டு நீங்கிய அந்த 2018இல் டெல் டோரோ, மெக்சிக்கோவின் என்செனாடாவில் பிறந்து வளர்ந்த, பதினைந்து வயதும் நிரம்பாத சிறுவர்.